அப்பாவின் கருவிழிப் புண்ணும் மணிக்கொரு சொட்டும்

பூந்தமல்லி வீட்டில் முருங்கைக் கிளையை வெட்டும்போது அப்பாவின் இடது கண்ணில் குச்சி உரசிவிட்டது. அன்றைக்குக் கொஞ்சம் உறுத்தல், அவ்வளவுதான். சில நாளில் கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சீட்டுகூடக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். சிவப்பு குறைந்தது, அப்புறம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அது ஸ்டீராய்டு சொட்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் கண் தெளிந்த மாதிரி இருக்கும். புண்ணில் பூஞ்சை தொற்றியிருந்தால், அது உள்ளே தடையில்லாமல் வளரும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி தாய்ப்பால் விடச் சொன்னார். அவர் அக்கறையில் குறையில்லை. நாங்கள் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். 1819-இல் தொடங்கிய இடம், கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"என்னங்க ஐயா பட்டுச்சு, மண்ணா, இலைதழையா?" டாக்டரின் முதல் கேள்வியே இதுதான். சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது புண் பச்சையாக மின்னியது. ஓரமெல்லாம் இறகு போலப் பிசிறு, அருகில் குட்டிப் புள்ளிகள், கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ். ஃபங்கஸ், அதாவது பூஞ்சை மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் சுரண்டிப் பார்க்காமல் மருந்து எழுத முடியாது என்றார். பாக்டீரியாவும், அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரியும்கூட இப்படி ஏமாற்றுமாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

கண்ணைச் சுரண்டுவது என்றதும் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. மரத்துப்போகச் சொட்டு விட்டு, சின்ன பிளேடால் புண்ணிலிருந்து மெல்ல வழித்தெடுத்து, கண்ணாடிச் சில்லிலும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டிலும் தேய்த்தார்கள். "வலிக்கலைடா" என்றார் அப்பா, என் கையை விடாமல். சில்லில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் மற்ற செல்கள் கரைந்து, பூஞ்சையின் இழைகள் மட்டும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். அன்றைக்கே முடிவு வந்தது. எந்தப் பூஞ்சை என்று கல்ச்சரில் தெரியத்தான் நாளானது: ஃபியூசேரியம்.

மருந்து 5 சதவீத நேட்டமைசின். பால் போல இருக்கும், அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். மணிக்கொரு சொட்டு, ஆரம்பத்தில் ராத்திரியும் விடாமல். நானும் தங்கையும் அலாரம் வைத்து முறை போட்டுக்கொண்டோம். மருந்தே புண்மேல் வெள்ளையாகப் படிந்து, பெரிதாகிவிட்டதோ என்று பயமுறுத்தும். வலிக்குக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு தனி. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது விடச் சொன்னார்கள்.

இன்னும் புதிய மருந்து வோரிகோனசோல் இருக்கிறதே என்று தங்கை கேட்டாள். மதுரை அரவிந்த் மருத்துவமனையும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்வை டாக்டர் சொன்னார்: இரண்டில் நேட்டமைசினே மேல், ஃபியூசேரியத்துக்கு இன்னும் தெளிவாக.

பூஞ்சைப் புண் ஆறுவது மகா மெதுவு. நம் கண்ணுக்கு ஒன்றுமே மாறாத மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேஸ் சீட்டில் புண்ணை வரைந்து மில்லிமீட்டரில் அளவு குறிப்பார். அந்தப் படங்களில்தான் பிசிறு மழுங்கியதும் சீழ் இறங்கியதும் எங்களுக்குப் புரிந்தது. மருந்துக்கு அடங்காமல் கருவிழி ஓட்டையாகியிருந்தால் அவசரமாக மாற்றுக் கருவிழி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

இப்போது புண் ஆறி, நடுவில் தழும்பு நிற்கிறது. அந்தக் கண்ணில் எல்லாம் புகைமூட்டம்தான். கண் நன்றாக அமைதியான பிறகு, பார்வைக்காகக் கருவிழி மாற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்கள். அதுவரை அப்பா பைக் ஓட்டக் கூடாது. வீட்டில் இப்போதைய சண்டை அதற்குத்தான்.