ஆனர் மோடில் இரண்டாவது முயற்சி: இந்த முறை முதலில் பார்ட்டி, அப்புறம்தான் பில்டு

பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டில் நான்கு பேர் கொண்ட குழுவை (பார்ட்டி) நடத்த வேண்டும். அதைக் கடினமான டாக்டிஷியன் மோடில் ஒருமுறை முடித்திருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் அதைவிடக் கடினமான ஆனர் மோடில் இறங்கினேன். இதில் சேவ் ஒன்றே ஒன்றுதான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு மாதிரி செய்து பார்க்க வழியில்லை. நான்கு பேரும் விழுந்தால் ஆனர் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். பெரிய எதிரிகளுக்கு மற்ற மோடுகளில் இல்லாத சிறப்புச் செயல்களான லெஜண்டரி ஆக்‌ஷன்களும் உண்டு.

முதல் முயற்சி நான்காம் லெவலில் முடிந்துபோனது. பாழடைந்த கிராமத்துக் கிணற்றில் இறங்கினால் வருகிற சிலந்திக் குகை, அங்கே ஃபேஸ் ஸ்பைடர் மேட்ரியார்க் என்ற ராட்சதத் தாய்ச் சிலந்தி. அது நினைத்த இடத்துக்குத் தாவியது, முட்டைகளிலிருந்து குஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன, என் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கே தப்பு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

தப்பு சண்டையில் இல்லை, அதற்கு முன்பே நடந்திருந்தது. என் கதாபாத்திரம் சார்சரர், வார்லாக் என்ற இரண்டு மந்திரவாதி வகைகளை (கிளாஸ்) கலந்த மல்டிகிளாஸ். 12ஆம் லெவலில், அதாவது விளையாட்டின் உச்ச லெவலில், பிரமாதமாக இருக்கும் பில்டுதான் (கதாபாத்திரத்தின் அமைப்பு). ஆனால் நான் செத்தது நான்காம் லெவலில். அப்போது என்னிடம் இருந்தது சார்சரர் 2, வார்லாக் 2. ஒரே கிளாஸில் 4 லெவல் சேர்ந்தால்தான் ஃபீட் என்ற சிறப்புத் திறன் கிடைக்கும், எனக்கு அது இல்லை. இரண்டாம் நிலை மந்திரங்களும் இல்லை. கூட வந்தவர்கள் வாள் வீராங்கனை லேஸெல், திருடன் ஆஸ்டேரியன், மந்திரவாதி கேல். குணப்படுத்தும் பூசாரி (கிளெரிக்) ஷேடோஹார்ட்டை முகாமிலேயே விட்டிருந்தேன். பக்கத்தில் போய்க் கைகொடுப்பது, மருந்துப் புட்டி தவிர யாரையும் எழுப்ப வழியில்லை.

இரண்டாவது முயற்சியில் கதாபாத்திரத்தை உருவாக்கும் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பெயரை எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு கேள்வி: முதல் டர்னில் இவர் என்ன செய்வார்? இவருடைய கான்சன்ட்ரேஷன் எதற்கு?

இரண்டாவது கேள்விதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கான்சன்ட்ரேஷன் மந்திரத்தை மட்டுமே பிடித்துவைக்க முடியும், இன்னொன்றைப் போட்டால் முதலாவது கலைந்துவிடும். அப்படியென்றால் மந்திரம் தெரிந்த மூன்று பேர் இருந்தால் களத்தில் மூன்று விளைவுகள் ஒரே நேரத்தில் ஓடலாம். என் முதல் பார்ட்டியில் பெரும்பாலும் ஒன்றுகூட ஓடவில்லை. எல்லோரும் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஷேடோஹார்ட்டுக்கு வேலை கொடுத்தேன்: பிளெஸ். முதல் நிலை மந்திரம், மூன்று பேருக்குப் போடலாம், அவர்களுடைய தாக்குதலிலும் சேவிங் த்ரோவிலும் (பாதிப்பைத் தாக்குப்பிடிக்க உருட்டும் பகடை) ஒரு நான்கு முகப் பகடை கூடும். சராசரி 2.5. இருபது முகப் பகடையில் அது ஏறக்குறைய 12 சதவீதக் கூடுதல் வாய்ப்பு, மூன்று பேருக்கும், சண்டை முழுக்க. அடி வாங்கினால் கான்சன்ட்ரேஷன் கலையாமல் இருக்க கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோ போடவேண்டும். அந்த மூன்று பேரில் அவளையும் சேர்த்துவிட்டால் அந்த உருட்டலுக்கும் பிளெஸ் உதவுகிறது. தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிற மந்திரம்! இதை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் அவள் வரும்போதே இருக்கிற எண்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்ட்ரெங்த் (வலிமை) 13, டெக்ஸ்டரிட்டி (லாவகம்) 13. ஒற்றைப்படை எண்ணில் போனஸ் கூடுவதில்லை, 12க்கும் 13க்கும் ஒரே +1தான். கடற்கரைப் பக்கத்துக் கல்லறைக்குள் கதாபாத்திரங்களை மாற்றியமைத்துத் தரும் விதர்ஸை எழுப்பியதும் 100 பொன் கொடுத்து அவளை மாற்றினேன். அவளுடைய உட்பிரிவு (டொமைன்) டிரிக்கரிக்குப் பதில் லைட். டெக்ஸ்டரிட்டி 14, கான்ஸ்டிட்யூஷன் 16, விஸ்டம் (அவளுடைய மந்திரங்களுக்கான எண்) 17. ஸ்ட்ரெங்த் 8 போதும், அவள் கதாயுதத்தைச் சுழற்றப்போவதில்லை. லைட் டொமைனில் ஐந்தாம் லெவலில் ஃபயர்பாலும் வந்துவிடும்.

நான் பார்ட், அதாவது பாணன். கரிஸ்மா (பேச்சுக் கவர்ச்சி) 17, டெக்ஸ்டரிட்டி 16, கான்ஸ்டிட்யூஷன் 14. பேச்சுவார்த்தை, பூட்டு உடைப்பது இரண்டையும் நானே பார்த்துக்கொள்வதால் ஆஸ்டேரியன் இல்லாமலே சமாளிக்க முடிகிறது. பார்ட்டை எடுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. இரண்டாம் லெவலில் பார்ட் கூடுதலாக ஒரு குட்டி ஓய்வு தருகிறார். பொதுவாக முழு ஓய்வுக்கு முன் இரண்டு, இப்போது மூன்று. லேஸெலை பேட்டில் மாஸ்டர் (போர்வீரரின் உட்பிரிவு) ஆக்கியிருக்கிறேன். அவளுடைய சிறப்புத் தாக்குதல்களுக்கான சுப்பீரியாரிட்டி பகடைகளும், ஒரு கூடுதல் செயல் தரும் ஆக்‌ஷன் சர்ஜும் குட்டி ஓய்விலேயே திரும்பிவிடும். ஆனர் மோடில் முழு ஓய்வுக்கு 80 உணவுப் பொருள் வேண்டும் என்பதால் இது பெரிய உதவி.

இதிலும் ஆரம்பத்தில் ஒரு பிசகு. பார்டுக்கு ஃபேரி ஃபயர், ஹிடியஸ் லாஃப்டர், ஹீரோயிசம் என்ற மூன்று மந்திரங்களையும் எடுத்துவிட்டேன். மூன்றுமே கான்சன்ட்ரேஷன்! நோட்டில் எழுதிவைத்த கேள்வியை நானே மறந்திருக்கிறேன். இன்னொரு 100 பொன் விதர்ஸுக்குப் போனது. இப்போது ஃபேரி ஃபயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஹீலிங் வேர்டும் டிஸ்ஸனண்ட் விஸ்பர்ஸும் எடுத்திருக்கிறேன். விழுந்தவரைத் தூரத்திலிருந்தே, அந்த டர்னின் முக்கியச் செயலைச் செலவழிக்காமல், போனஸ் ஆக்‌ஷனில் எழுப்பும் ஹீலிங் வேர்டு ஒன்றுக்காகவே பார்டை எடுக்கலாம்.

நான்காவது கேல், எவோகேஷன் உட்பிரிவு. தன் மந்திரம் நம் ஆட்களைத் தாக்காமல் காக்கும் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் இருப்பதால் நம் ஆள் நடுவில் நின்றாலும் தயங்காமல் நெருப்பைப் போடலாம். இன்னொரு தோழியான கார்லாக்கை முகாமில் விட்டுவரத்தான் மனசே இல்லை. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இந்த நால்வரில் யாரை வெளியே எடுத்தாலும் ஒரு கண்ணி அறுகிறது.

நான்காம் லெவலில் லேஸெலுக்கு கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் கொடுத்தேன். தாக்குதலில் 5 குறையும், பட்டால் 10 டேமேஜ் கூடும். தனியாகப் பார்த்தால் சூதாட்டம் மாதிரி இருக்கும். ஷேடோஹார்ட்டின் பிளெஸ் அந்த 5இல் பாதியை ஈடுகட்டிவிடும். என் ஃபேரி ஃபயர் பட்ட எதிரி என்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஆக, லேஸெலின் பில்டில் பாதி மற்ற இரண்டு பேரிடம் இருக்கிறது.

போன சனிக்கிழமை மறுபடி அந்தக் கிணற்றில் இறங்கினேன், இந்தமுறை ஐந்தாம் லெவலில். கை நடுங்கியது உண்மை. முதலில் தூரத்திலிருந்தே முட்டைகளை உடைத்தோம். மேட்ரியார்க் வலைப் பாலத்தில் நிற்கும் நேரம் பார்த்து கேல் ஃபயர் போல்ட்டால் பாலத்தை எரிக்க, அது அப்படியே கீழே விழுந்தது. விழுந்ததிலேயே நல்ல அடி. காத்திருந்த லேஸெல் பிளெஸுடன் இறங்கினாள். ஐந்தாம் லெவலில் ஒரு ஆக்‌ஷனுக்கு இரண்டு வெட்டு, ஆக்‌ஷன் சர்ஜுடன் நான்கு. மூன்று வெட்டு பட்டது. அடுத்த சுற்றில் முடிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கத்திவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து தங்கை ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அடுத்தது அடமன்டைன் ஃபோர்ஜ் என்ற உலையில் கிரிம் என்ற உலோகப் பூதம். எரிகுழம்பில் நின்று சூடேறினால்தான் அதற்கு ஒழுங்காக அடி படும், அப்போதும் நசுக்கும் ஆயுதத்துக்குத்தான் அதிகம் பலவீனம். அதனால் லேஸெலின் வாளை எடுத்துவிட்டு ஒரு பெரிய சம்மட்டியைக் கொடுத்திருக்கிறேன், கிரேட் வெப்பன் மாஸ்டர் அதற்கும் செல்லும். கிரிம் கடைசியாகத் தன்னை அடித்தவரைத் துரத்தும் என்பதால், அதை உலைச் சம்மட்டிக்கு அடியில் இழுத்துவரும் வேலை வில்லோடு நிற்கும் எனக்கு. அந்தச் சம்மட்டியை இறக்கும் நெம்புகோல் பக்கத்தில் கேல். ஷேடோஹார்ட் எங்கே நிற்பாள் என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. எரிகுழம்பு ஏறும் பக்கத்திலிருந்து எட்டி நிற்கவும் வேண்டும், லேஸெலுக்கு பிளெஸ் எட்டும் தூரத்திலும் இருக்கவேண்டும். நோட்டில் அந்த மேடையை வரைந்து வைத்திருக்கிறேன்.