பேட்டரி இறங்கிய சுருதி

மாஸ்டர் கொண்டுவந்த பிஸ்கட் டின்னில் அவர் பாடிய பழைய பாட்டுகளின் கசெட்டுகள் மூன்று இருந்தன. மூன்றிலும் வெள்ளையாய்ப் பூஞ்சணம். ஹட்டன் பக்கத்து ஈரத்தில் நாற்பது வருடம் கிடந்த நாடாவில் வேறென்ன பிடிக்கும். 2022 மார்ச் கடைசி, நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நேரம். ஸ்டூடியோவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் டின்னைத் திறந்து காட்டிவிட்டுக் கேட்டார்: "இதுக்கு ரெண்டாம் பாகம் செய்யணும் புள்ள. முடியுமா?"

எங்களுடையது பெரிய ஸ்டூடியோ இல்லை. மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை, சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சு, கூரையில் தகரம். கல்யாணப் பாட்டு, கோவில் திருவிழா விளம்பரம், முன்பள்ளிப் பிள்ளைகளின் அபிநயப் பாட்டு, இவைதான் என் பிழைப்பு. படியேறி வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து "இன்ஜினியர் தம்பி இல்லையா?" என்பார்கள். மாஸ்டர் அப்படிக் கேட்கவில்லை. அதற்காகவே அவருடைய வேலையை எடுத்தேன் என்று சொன்னால் முழுப் பொய்யாகாது.

அவர் ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்களில் கிட்டார் வாசித்தவர். அங்கே துரைமாருக்கு இங்கிலிஷ் ரொக் பாட்டு, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்தால் காமன் கூத்துக்கும் வாசிப்பார். 1982ல், இருபத்து நாலு வயதில், தோட்டத்து வாசிகசாலையில் ஆறு பாட்டைப் பதிவு செய்தார். கிட்டார், பேஸ், ஒரு பக்க ட்ரம், இரண்டு தப்பு மேளம், பஜனை மடத்து ஆர்மோனியம். தப்பை ரொக் பாட்டில் சேர்த்தது அன்று சிலருக்குப் பிடிக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பிரட்டுக்கும் பிறகு சாவுக்கும் அடிக்கிற தப்பு கிட்டாரோடு நிற்பதா என்று கேட்டவர்கள் மேல் லயத்திலேயே இருந்தார்களாம். ஏன் கேட்டார்கள் என்பது மலையகத்தில் பிறந்த எவருக்கும் விளங்கும்.

அசல் நாடா டவுனில் ஒரு கசெட் கடையில் இருந்தது. 1983 ஜூலையில் கடையோடு எரிந்தது. மிச்சம் இருந்ததெல்லாம் படியெடுத்ததைப் படியெடுத்தவை. ஒன்று நோர்வூட்டிலிருந்து கிடைத்தது. ஒன்று கொழும்பில் ஒரு சலூன்காரரிடம் இருந்தது. மூன்றாவது, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப்போன ரயிலான அழுகைக்கோச்சியில் ஏறித் தலைமன்னார் போய், கப்பலேறி, கோத்தகிரியில் பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்துவிட்டு ஒரு சொந்தக்காரரின் பையில் திரும்பி வந்தது. பூஞ்சணம் குறைவு அதில்தான்.

இரண்டாம் பாகம் என்ற யோசனை அவருக்கு இயன் ஆண்டர்சனிடமிருந்து வந்தது. ஜெத்ரோ டல் குழுவின் புல்லாங்குழல்காரர். அவர்களுடைய 'திக் அஸ் எ பிரிக்' 1972ல் வந்தது. இசைத்தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு, நாற்பத்து மூன்று நிமிடத்துக்கு மேல். வரிகளை எழுதியது ஜெரால்ட் பொஸ்டொக் என்ற எட்டு வயதுப் பையன் என்று ஒரு கட்டுக்கதை. அட்டையே ஒரு ஊர்ப் பத்திரிகை மாதிரி பன்னிரண்டு பக்கம். நாற்பது வருடம் கழித்து, 2012ல், ஆண்டர்சன் அதற்கு இரண்டாம் பாகம் செய்தார். அந்தப் பையன் வளர்ந்து என்ன ஆகியிருப்பான் என்பதுதான் கரு. வங்கிக்காரனா, தெருவில் படுப்பவனா, சிப்பாயா, பிரசங்கியா, இல்லை சின்னக் கடை வைத்திருக்கும் சாதாரண ஆளா என்று ஐந்து வாழ்க்கையையும் பாடிப் பார்த்தார்.

"அந்த மனுசனுக்கு அப்ப அறுபத்தி நாலு. எனக்கும் இப்ப அறுபத்தி நாலு. மொத கசெட் செஞ்சப்ப ரெண்டு பேருக்கும் இருபத்தி நாலு," என்றார் மாஸ்டர். ஏதோ ஜாதகப் பொருத்தம் பார்த்தவர் மாதிரி.

நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். இரண்டாம் பாகம் எதற்கு, பழைய ஆறு பாட்டையும் நல்ல மைக்கில் திரும்பப் பாடுங்கள் என்றேன். உதாரணமும் வைத்திருந்தேன். மைக் ஓல்ட்ஃபீல்ட் பத்தொன்பது வயதில் பதிவு செய்து 1973ல் வெளிவந்த 'டியூபியுலர் பெல்ஸ்', அதற்கு 1992ல் இரண்டாம் பாகம். அதோடு நிற்காமல் 2003ல் முதலாவதையே தொடக்கத்திலிருந்து மறுபடி வாசித்துப் பதிவு செய்தார், பழைய பதிவின் குறைகள் அவரை உறுத்திக்கொண்டே இருந்ததால். மாஸ்டர் கேட்டுவிட்டுச் சாயத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "அவருகிட்ட அசல் இருந்திச்சு புள்ள. அதுல குறை எதுன்னு அவருக்குத் தெரியும். என்கிட்ட அசலே இல்லையே, நான் எதத் திருத்துறது?"

அந்தக் கேள்வி நாடாவைத் துடைக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

கசெட்டைக் காப்பாற்றுவதில் பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் கெட்டுவிடும், அடுத்த கசெட்டுக்கும் ஒட்டும். கூட்டைக் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, மெல்லச் சுற்றியபடி துடைக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற பஞ்சு இரண்டில் உதிர்ந்துபோயிருந்தது. பிறகு ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவைத் திருகி, ஹெட்டின் சாய்வை அந்தந்தக் கசெட்டின் பதிவுக்கு ஒத்துப்போக வைக்க வேண்டும். சரியான இடம் வந்ததும் மூக்கடைப்பு விட்ட மாதிரி மேல் சத்தம் திறக்கும்.

மூன்றும் திறந்தன. மூன்றும் மூன்று சுருதியில் பாடின.

படியெடுத்த டெக்குகளின் வேகம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அது வழக்கம்தான். வழக்கமில்லாத ஒன்றும் இருந்தது. மூன்றிலுமே முதல் பாட்டிலிருந்து ஆறாவது பாட்டுக்குப் போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. நடுவில், நாலாவது பாட்டின் தொடக்கத்தில் மட்டும், சட்டென்று இறங்கித் திரும்பவும் ஏறுகிறது. மாஸ்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

வாசிகசாலையில் அன்று கரண்ட் இல்லை. நாலு பெரிய பேட்டரி போட்ட ரெக்கோடரில்தான் பதிவு. பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாக, உச்சமாகக் கேட்கும். மூன்று பாட்டு முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி லயத்து அடுப்பு ஓரத்தில் சூடாக்கி மாட்டியிருக்கிறார்கள். அதுதான் நாலாவது பாட்டின் இறக்கம். வெயிலிலும் அடுப்பிலும் பேட்டரி காயவைத்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு. அது ஒரு நாடாவில் கோடாகப் பதிந்து கிடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆக, நாற்பது வருடமாகச் சனங்கள் தலையாட்டிக் கேட்டது மாஸ்டரின் குரல் இல்லை. அதைவிட அரைக் கட்டை கூர்மையான, அவரைவிடச் சின்ன வயதுக்காரன் ஒருவனின் குரல். அதையும் எல்லாரும் ஒரே மாதிரி கேட்கவில்லை. லயத்தில் கேட்டவர்கள் இறங்கின பேட்டரி ரேடியோவில் கேட்டார்கள், அங்கே அது திரும்பவும் தாழ்ந்து அசலுக்குக் கிட்ட வந்திருக்கும். கொழும்பில் கரண்டில் கேட்டவர்களுக்கு உச்சம். இதில் எந்தக் குரலுக்கு இரண்டாம் பாகம் செய்வது?

எனக்குப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. அன்று உண்மையில் பாடிய சுருதியைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். கரண்டில் பதிந்திருந்தால் மெயின்ஸ் கரண்டின் மாறாத இரைச்சலை வைத்து அளக்கலாம். பேட்டரிப் பதிவில் அதுவும் இல்லை. மாறாத சுருதி உள்ள ஒரே வாத்தியம் ஆர்மோனியம். அது இன்னும் பஜனை மடத்தில் இருக்கிறது என்று மாஸ்டர் சொன்னார். பஸ்ஸில் நோர்வூட் தாண்டி இறங்கி, கீழே இருக்கும் பணிய லயம் வரை நடந்து போனோம். மார்கழி பஜனைக்கு மட்டும் வெளியே எடுப்பார்களாம். துருத்தியில் ஓட்டை, இரண்டு கட்டை எழும்பவே இல்லை. ஆனால் மாஸ்டர் அன்று பாடிய நாலாம் கட்டை பேசியது. ஃபோனில் அளந்து எழுதிக்கொண்டேன். பூசாரி ஐயா அந்தப் பெட்டியை யாரோ வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து விலை சொல்லத் தயாராக நின்றார்.

பிறகு மூன்று கிழமை. சுருதி ஏறிய வளைவைத் திரையில் புள்ளி புள்ளியாகக் குறித்து, வேகத்தை அதன்படி இறக்கினேன். வெறும் சுருதியை மட்டும் இறக்குவது பொய் வேலை, வேகமும் சேர்ந்து இறங்க வேண்டும். முடிந்ததும் மாஸ்டரைக் கூப்பிட்டுப் போட்டேன். பாரமான, நிதானமான குரல். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "எங்கப்பா மாதிரி இருக்கு," என்றார். அவருடைய மனைவி கூட வந்திருந்தார். அந்த அம்மா நேராகச் சொல்லிவிட்டார்: "இது இவரு இல்ல. கசெட்டுல உள்ளதுதான் இவரு."

இதற்கிடையில் புதிய பாட்டுகள் நடந்துகொண்டிருந்தன. பழைய கசெட்டின் முதல் பாட்டு, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் அம்மா மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்திருக்கும் பையனைப் பற்றியது. ஆண்டர்சன் மாதிரியே மாஸ்டரும் அவனுக்குப் பல வாழ்க்கை கொடுத்தார். ஒன்றில் கொழும்பில் கடையில் நிற்கிறான். ஒன்றில் கோத்தகிரியில் கொழுந்து மூட்டை தூக்குகிறான். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் தோட்டத்து ஆட்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டது, இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்தத் தொகைகளை அப்படியே தாளத்தில் அடுக்கிப் பாடுகிறார், ஏலம் கூறுகிற குரலில். இந்தத் தொகுப்பில் என்னால் இரண்டாவது முறை சாதாரணமாகக் கேட்க முடியாத இடம் அது. ஒன்றில் த்ரீவீல் ஓட்டுகிறான், ஒன்றில் வளைகுடாவுக்குப் போகிறான். இன்னொன்றில் தோட்டத்திலேயே பேர் போட்டு வேலை செய்கிறான், அரைநாள் சம்பளமாக அரைப் பேர் விழுந்ததற்குக் கணக்கப்பிள்ளையிடம் வாதாடுகிறான். அதில் 2021ல் வந்த ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை எழுதியிருந்தார். "தொகை மாறிடும் மாஸ்டர், பாட்டு பழசாயிடும்," என்றேன். "மாறட்டுமே. நான் வேணாங்கிறேனா?" என்றார்.

பதிவு எல்லாம் இராத்திரி பதினொன்றுக்குப் பிறகுதான். சிவனொளிபாதமலை சீசனில் அதுவும் முடியாது, விடிய விடிய பஸ். மழை பெய்தால் தகரம் பாடும். தப்புதான் பெரிய பாடு. தோல் குளிரில் தொய்ந்துவிடும். பின்பக்க முற்றத்தில் பழைய பத்திரிகையைக் கொளுத்திக் காய்ச்சி, ஓடிவந்து மைக்கின் முன்னால் நின்றால், பத்து நிமிடம் நாதம் நிற்கும். பிறகு சாக்கில் அடிக்கிற சத்தம். ஹீட்டர் வைத்துப் பார்த்தோம், அதன் இரைச்சல் பதிந்தது. கடைசியில் ஒவ்வொரு டேக்கையும் நெருப்பின் கணக்கில்தான் எடுத்தோம். மருந்துக்கடை முதலாளி ஒரு நாள் புகையைப் பார்த்து வாளித் தண்ணியோடு வந்துவிட்டார்.

கடைசி வேலை, பழையதையும் புதியதையும் இணைக்கும் தொடக்கம். நான் திருத்திய பதிவில் ஆரம்பித்து, அதே நாலு கட்டையில் புதிய பாட்டுக்குள் நுழைவது என் திட்டம். மாஸ்டர் பாடிப் பார்த்தார். நாலு கட்டை எட்டவில்லை. மூன்றும் கஷ்டம். இரண்டரையில்தான் குரல் உட்கார்ந்தது. ஆண்டர்சனுக்கும் 1984க்குப் பிறகு தொண்டை பழையபடி இல்லை என்று ஆறுதல் சொன்னேன். அவருக்கு ஆறுதல் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

"இப்பிடிச் செய்வோம் புள்ள. கசெட்டுல சனம் கேட்ட மாதிரியே தொடங்கு, அந்த உச்சத்துலயே. பொறவு பேட்டரி இறங்குற மாதிரி மெல்ல எறக்கு. நான் இப்ப பாடுற எடத்துக்கு வரட்டும். அங்க நான் புடிச்சிக்கிறேன்."

"வழியில சரியான சுருதி வருமே மாஸ்டர். அந்த எடத்துல கொஞ்சம் நிப்பாட்டுவமா? நாலு வரி மட்டும்?"

"எதுக்கு? அந்தப் பக்கமாப் போற கோச்சி அங்க நிக்கணும்னு என்னா இருக்கு?"

மூன்று கிழமை தேடிய சுருதியை நாற்பது விநாடி சரிவில் எங்கோ ஓரிடத்தில், அரை விநாடி கூடத் தங்காமல், தாண்டிப் போகிறோம். எனக்குக் கோபம்தான். இரண்டு நாள் ஃபோன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் சொன்னபடி செய்து போட்டுப் பார்த்தேன். இளவட்டக் குரல் தாழ்ந்து, இழுபட்டு, செத்த பேட்டரி ரேடியோ மாதிரி உறுமி, அந்த உறுமலுக்குள்ளிருந்தே அறுபத்து நாலு வயதுக் குரல் வார்த்தையை எடுக்கிறது. இணைத்த இடம் எதுவென்று எனக்கே தேட வேண்டியிருந்தது. ஃபோன் எடுத்து, சரி என்றேன்.

பில்லில் ஸ்டூடியோ மணித்தியாலத்தை மட்டும் போட்டிருந்தேன். மாஸ்டர் கண்ணாடியை மாட்டி வாசித்துவிட்டு, பஸ் காசு விடுபட்டிருக்கிறது என்றார். பேனாவை வாங்கி, கீழே தானே ஒரு வரி எழுதினார்: "ஆர்மோனியம் பார்க்கப் போய்வந்த செலவு, இரண்டு பேர்."