தோட்டமலை, தண்ணிக்கு அந்தப் பக்கம்

அக்டோபர் 9, இரவு

தோட்டமலைக்குப் போக வனத்துறை அனுமதி வந்தாச்சு. 16 பேர், ரெண்டு மிஸ். அம்மாகிட்ட பேச்சிப்பாறைக்குன்னு மட்டும் சொன்னேன். படகைச் சொல்லல. சித்தப்பா படம் மாட்டியிருக்கிற சுவர்ப்பக்கம் திரும்பவே இல்ல.

அக்டோபர் 10

பேப்பர்ல பேச்சிப்பாறை அணை நீர்மட்டம் 41 அடி. மொத்தமே 48. பெருஞ்சாணி அணையையும் பார்த்து வச்சேன், எதுக்குன்னு தெரியல.

அக்டோபர் 11

குலசேகரம் தாண்டினா ஒரே ரப்பர். பஸ்ஸுல எல்லாரும் "காடு, காடு"ன்னு கத்துது. "வரிசையா நிக்கிறதெல்லாம் காடு இல்ல மக்களே"ன்னாங்க மிஸ்.

படகு. அணை கட்டி முடிச்சது 1906-லயாம். அதுக்கு முன்னால இந்த அடித்தரையில ஆளுங்க நடந்துதானே போயிருப்பாங்கன்னு நினைச்சதும் கொஞ்சம் ஆறுதலா இருந்தது. உடனே அதுவே பயமாப் போச்சு. காணிப் பழங்குடிப் பிள்ளைகள் தினமும் இதுலதான் பள்ளிக்கூடம் போய் வருது. ஒரு குட்டி விளிம்புல உட்கார்ந்து மிட்டாய் சப்பிக்கிட்டே, பலகையை இறுக்கின என் கையைப் பார்த்துக்கிட்டு வந்தா.

சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியும்.

அக்டோபர் 12

நடந்து நடந்து கால் போச்சு. காலுக்குப் புகையிலையும் உப்பும் தேய்ச்சும் அட்டை ஏறிட்டு. கடிக்கிறது தெரியவே இல்ல, சாக்ஸ் நனைஞ்சப்போதான் ரத்தம்னு தெரிஞ்சது.

கூட்டிப் போன அண்ணன் அதிகம் பேசல. மழை முதல்ல தலைக்கு மேல எங்கேயோ பெய்தது, எங்கமேல விழ நேரம் ஆச்சு. வானம் விட்ட பிறகும் மரம் விடல. திடீர்னு மேலே யாரோ ஈர வேட்டியை உதறுற மாதிரி சத்தம். இருவாச்சி. பறவையைப் பார்க்கல, சிறகைத்தான் கேட்டோம். பெட்டை பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கிடும், ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும்னு அண்ணன் சொன்னார். "ஆண் வரலேன்னா?"ன்னு கேட்டேன். பதில் இல்ல.

மிஸ் ஆரோக்கியப்பச்சைங்கிற மூலிகைச் செடியைக் கேட்டாங்க. 1987-ல அகஸ்தியமலையில ஆய்வாளர்கள் களைச்சு உட்கார்ந்தப்போ, கூட வந்த காணிக்காரங்க அதோட காயைத் தின்னுட்டுத் தெம்பா நடந்த கதை எங்க பாடத்துலயே உண்டு. பிறகு அது மருந்தாச்சு, 10 லட்சம் உரிமத் தொகை, அதுல பாதி காணிகளுக்கு. "அது கேரளத்துல மிஸ்"னார் அண்ணன். ஒரு செடியைத் தாண்டி வேகமா நடந்தார். எந்தச் செடின்னு நான் பார்த்தேன். நோட்டுல எழுதல.

ராத்திரி மரச்சீனிக் கிழங்கு அவிச்சது, காந்தாரி மிளகு அரைச்சது, கட்டன் சாயா. கண்ணுல தண்ணி வந்துட்டு, விடவும் மனசில்ல. பாட்டா கொக்கரையை எடுத்துக் காட்டினார். பல்லு வெட்டின இரும்புக்குழல், கம்பியால உரசணும். எங்க பசங்க போனைத் தூக்கிக்கிட்டு "பாடுங்க பாட்டா"ன்னாங்க. "நோவுக்குள்ள பாட்டு மக்கா இது. சும்மா பாடப்பிடாது."

நோவு வெளியூர்ல இருந்து வந்திருந்தா பாடலாமான்னு கேட்க வாய் வந்தது. பாட்டி என்னையே பார்த்தாங்க. "பிள்ளைக்குத் தண்ணி பேடியா?"

பேடின்னா பயம். எப்படித் தெரிஞ்சது?

அக்டோபர் 13

மழை. படகு இல்ல.

அக்டோபர் 13, ராத்திரி

பாறைமேல ஏறினா மட்டும் டவர். அம்மா: "நேரா பஸ்ஸுதானே?" ஆமான்னேன். நாங்க இறங்கின இடத்துல ஒரு தட்டைக்கல் கிடந்தது, அதுலதான் செருப்பு மாட்டினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கல்லைக் காணோம். இப்போ எத்தனை அடியோ, பேப்பரும் கிடையாது. பள்ளிக்கூடம் போகாத சந்தோஷத்துல அந்தக் குட்டி, கல் இருந்த இடத்துக்குமேல காகிதக் கப்பல் விடுறா. என்கிட்டயும் ஒரு தாள் கேட்டா. இந்த நோட்டுல இருந்துதான் கிழிச்சுக் கொடுத்தேன்.

அக்டோபர் 14

படகுச் சத்தம். அண்ணன் என் பையை முதல்லயே ஏத்திட்டார். குட்டி நடுப்பலகையில இடம்பிடிச்சு வச்சுக்கிட்டுக் கையைக் காட்டுறா. மிஸ் தலை எண்ணுறாங்க. 14, 15,