ஜெராக்ஸ் கடை, ஜூன் மாதம்

2 ஜூன் 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த நாள். எட்டரை மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே படியில் ஆறேழு பேர். சாதிச் சான்றிதழ் நகல், ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார். அப்புறம் ஆதார், மறுபடியும் ஆதார். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இந்தக் கடையைப் போட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. ஜூன் முதல் வாரத்தில் எனக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

மதியம்வரை என் காதில் விழுந்த ஓ.டி.பி.களை இன்று எண்ணிப் பார்த்தேன். பதினாலு. "ஏழு, மூணு, ஒம்போது..." என்று படியில் நின்றபடியே சத்தமாகச் சொல்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள், டீக்கடை, எதிர் பிளாட்பாரம் என்று எல்லோருக்கும் கேட்கிறது. ஒருவர் போனையே நீட்டிவிட்டு, "நீயே பாத்துப் போட்டுக்கோம்மா, கண்ணாடி வூட்ல கீது" என்று டீ குடிக்கப் போய்விட்டார். போனுக்குப் பூட்டும் இல்லை. பத்து நிமிஷம் அவருடைய பேங்க், கேஸ், சம்சாரத்தின் வாட்ஸப் எல்லாம் என் மேஜைமேல் கிடந்தன.

இப்போது யாருக்குப் போன் போட்டாலும் முதலில் சைபர் மோசடி எச்சரிக்கைதான் ஒலிக்கிறது. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவில் ஓ.டி.பி. வருவதே யாரிடமாவது சொல்வதற்குத்தான். சிலிண்டர் கொண்டுவருபவரிடம், படிக்கிற பேரனிடம், என்னிடம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, சொன்னால் யாரிடம் சொல்லலாம்? அந்தக் குரல் அதற்குள் முடிந்துவிடுகிறது.

5 ஜூன், வியாழன்

கருவாட்டு ஆயா வந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் வரத்து குறைவு, ஆயாவிடமும் காசு குறைவு. அந்த நேரம் பார்த்து ஒருவன் போன் செய்திருக்கிறான். "தடைக்கால நிவாரணத்துல உங்களுக்கு அஞ்சாயிரம் பாக்கி இருக்கு, வாட்ஸப்புல ஒரு கட்டம் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி ரகசிய நம்பர் போட்டா அக்கவுண்டுக்கு வந்துரும்" என்றானாம்.

ஆயாவிடம் இருப்பது ஒரே போன். போனுக்குள் வந்த கட்டத்தை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வது என்று தெரியவில்லை. அதனால்தான் என்னிடம் வந்தார். அந்தத் தெரியாமைதான் அவரைக் காப்பாற்றியது.

படத்தில் பச்சை எழுத்தில் "5,000 ரூபாய் பெற" என்று போட்டிருந்தது. என் போனால் ஸ்கேன் செய்து காட்டினேன். ஏதோ ஒரு ஆளின் பெயர் வந்தது, கீழே "செலுத்து" என்ற பட்டன். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பச்சை எழுத்தும் ஒன்றுதான், பட்டனும் ஒன்றுதான். வேறு வழியில் சொல்லிப் பார்த்தேன்.

"உன் கூடைகிட்ட க்யூ.ஆர். அட்டை வச்சிருக்கியே, அதுல யாராவது துட்டு போட்டா நீ எதனா நம்பர் போடுறியா?"

"இல்ல. அந்தப் பொட்டி பாட்டுக்கு கத்தும்."

"அவ்வளவுதான் ஆயா. துட்டு வரும்போது நீ ஒண்ணும் போட வேணாம். நம்பர் கேட்டாலே துட்டு வெளிய போவுதுன்னு அர்த்தம்."

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். "உண்டியல் மாதிரி. போடறதுக்கு ஓட்டை போதும், எடுக்கத்தான் சாவி வேணும்" என்றார்.

யு.பி.ஐ. வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நானும் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்ததில்லை. ஆனால் மூச்சு விடுவதற்குள், "என்னோட சாவி நம்பர் இன்னா தெரியுமா" என்று ஆரம்பித்து நாலு எண்ணையும் கடை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். அங்கேயே உட்காரவைத்து வேறு நம்பர் மாற்றினோம்.

8 ஜூன், ஞாயிறு

தெரு வாட்ஸப் குழுவில் பிள்ளை பிடிக்கிறவன் குரல் பதிவு மறுபடியும் வந்திருக்கிறது. மேலே இரட்டை அம்புக்குறி. பல கை மாறி வந்தது என்று அதற்கு அர்த்தம். 2020 ஏப்ரலிலிருந்து அந்த மாதிரிச் செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். அனுப்ப நினைக்கிறவர்கள் பத்து தடவை அனுப்புகிறார்கள்.

2018இல் இதே மாதிரி ஒன்றை நானும் அனுப்பினேன். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பயத்தில் யோசிக்கவே இல்லை, அக்கா தங்கச்சி எல்லோருக்கும் தட்டிவிட்டேன். அந்த மே மாதம்தான் பழவேற்காட்டில், இங்கிருந்து வடக்கே இரண்டு மணி நேரம்கூட ஆகாத ஊரில், மனநிலை சரியில்லாத ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். நான் அனுப்பியது அங்கே போனதா என்று தெரியாது. போகவில்லை என்றும் சொல்ல முடியாது.

இன்று குழுவில், "எந்தத் தெரு, எந்த ஸ்டேஷன்ல புகார்?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. இரண்டு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள்.

11 ஜூன், புதன்

மாடி வீட்டுத் தையல் அக்கா ஒன்பது மணிக்கு வந்து ஓரமாக நின்றார். கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன். பத்தே கால்வரை நின்றார். முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே கூப்பிட்டேன்.

நேற்று மாலை சுயஉதவிக் குழுவின் வாட்ஸப்பில், குழுவில் இருக்கும் ஒருத்தி நம்பரிலிருந்தே கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. தெரிந்தவள் அனுப்பியது, தொட்டிருக்கிறார். போன் ஏதோ எச்சரித்திருக்கிறது, அனுமதி கேட்டிருக்கிறது; எல்லாவற்றுக்கும் சரி, சரி. பத்திரிகை மட்டும் திறக்கவே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு தவணையாக 22,000 ரூபாய் போய்விட்டது. குழுக் கடன் பணம்.

போனை வாங்கிப் பார்த்தேன். ஃபைல் பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருந்தது. அது படமும் இல்லை, பி.டி.எஃப்.பும் இல்லை, செயலியை போனில் நிறுவும் ஃபைல். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால் வருகிற ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்கும் போகும். இதில் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லவே வேண்டியதில்லை. அக்காவும் சொல்லவில்லை. "நான் யாருக்கும் சொல்லலையே, நான் யாருக்கும் சொல்லலையே" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகை அனுப்பியதாகச் சொன்ன அந்தப் பெண்ணும் இதே மாதிரி மாட்டியவள்தான். அவள் போனிலிருந்து அதுவாகவே எல்லோருக்கும் போயிருக்கிறது.

முதலில் அந்தப் போனின் இன்டர்நெட்டை அணைத்தேன். என் போனிலிருந்து 1930, சைபர் மோசடிப் புகார் எண். மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. கேட்டது இவ்வளவுதான்: அக்கவுண்ட் எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன. பரிவர்த்தனை எண்ணை முன்னாலேயே பேப்பரில் எழுதி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் புகார் எண் வந்தது. அதை வைத்து மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் மீதி விவரத்தையும் ஏற்றினோம். அந்தச் செயலியை நீக்கினோம். வாட்ஸப் குழுவில், "பத்திரிகையைத் தொடாதீங்க" என்று என் நம்பரிலிருந்து குரலில் சொன்னேன். எழுதிப் போட்டால் பாதிப் பேர் படிக்கமாட்டார்கள்.

பணம் ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்துவதற்குத்தான் இந்த 1930. பத்து மணிக்குப் போன பணத்துக்குப் பத்தே காலுக்குப் போன் செய்திருக்க வேண்டும். ராத்திரியும் எடுப்பார்கள். அக்காவுக்கு 1930 தெரியாமல் இல்லை. வீட்டுக்காரர் எழுந்துவிடுவாரே, திட்டுவாரே என்று விடியவிடிய விழித்துக் கிடந்திருக்கிறார். திருடனுக்குக் கிடைத்த பன்னிரண்டு மணி நேரத்தை வீட்டுக்காரர்தான் கொடுத்தார் என்பேன்.

12 ஜூன், வியாழன்

அக்காவுடன் வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம். கவுன்டரில் இருந்தவர், "நீங்களே அமுக்கிட்டு இங்க வந்தா?" என்றார். எழுத்துப்பூர்வப் புகாரை வாங்கிக்கொண்டு முத்திரை போட்டுத் தரச் சொன்னேன். 2017இல் வந்த ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வாடிக்கையாளர் கவனக்குறைவால் போனதென்றால் வங்கியில் சொல்லும்வரை போனது அவர் பொறுப்பு. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே சொன்ன தேதியும் நேரமும் கையில் இருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

9,000 ரூபாய் இடையில் ஒரு அக்கவுண்டில் நிறுத்தப்பட்டிருக்கிறதாம். திரும்ப வாங்க நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கும் என்றார்கள். மீதி போனது போனதுதான்.

15 ஜூன், ஞாயிறு

நள்ளிரவோடு தடை முடிந்தது. விடியற்காலையில் காசிமேடு பக்கமிருந்து படகு என்ஜின் சத்தம் வீடுவரை கேட்டது. கடைக்கு லீவு. ஆனாலும் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

தையல் அக்கா விஷயத்திலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். 2,300 சொச்சம் ஃபைல். ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஒரு விவாகரத்து மனு. பிரின்ட் போட்டு பத்து ரூபாய் வாங்கி ஆளை அனுப்பிவிடுகிறேன். காகிதம் அவர்களோடு போய்விடுகிறது, ஃபைல் இங்கேயே தங்கிவிடுகிறது. ஆதார் பி.டி.எஃப்.புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்கலாம். பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம். அதுதான் எல்லோருக்கும். இந்தத் தெருவில் பாதிப் பேரின் பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை விட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இறக்கினால் மிச்சமில்லாமல் அழித்துவிடுங்கள் என்று. இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் என் கவலையெல்லாம் ஜெராக்ஸ் வியாபாரம் போய்விடுமோ என்பதுதான். பொதுக் கம்ப்யூட்டர் என்று அவர்கள் சொன்னது என் கம்ப்யூட்டரைத்தான் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அப்புறம் கடை போன். ஆட்கள் வாட்ஸப்பில் அனுப்பும் படமெல்லாம் கேலரியில் சேர்ந்து, மகள் பிறந்தநாள் கேக்குக்கு முன்னும் பின்னும் யார் யாருடைய ஆதாரோ. அதெல்லாம் தானாகவே கிளவுடிலும் ஏறியிருக்கிறது. அங்கேயும் போய் அழிக்க இரவு எட்டரை ஆகிவிட்டது. கடை நம்பரில் இனி வரும் செய்தி 24 மணி நேரத்தில் மறைகிற மாதிரி வைத்துவிட்டேன். படம் கேலரியில் சேர்வதையும் நிறுத்தினேன்.

17 ஜூன், செவ்வாய்

ஆயா பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தோம். தொலைத்தொடர்புத் துறையின் தளம் அது, 2023இல் வந்தது. நம்பரைப் போட்டு ஓ.டி.பி. கொடுத்தால் பட்டியல் வரும். ஓ.டி.பி. வந்ததும் ஆயா வாயைத் திறந்தார்; அப்புறம் போனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

நாலு நம்பர் வந்தன. ஒன்று ஆயாவுடையது, ஒன்று பேரனுடையது. மற்ற இரண்டும் யாருடையது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"என் பேர்ல எவன்டா பேசினுகீறான்?" என்றார் ஆயா.

"இது என் நம்பர் இல்லை" என்று இரண்டுக்கும் புகார் போட்டோம். ஆயா ஆதார் நகலை எங்கெங்கே கொடுத்தார் என்று எண்ணினார். சிம் கடை, நகைக்கடன் கடை, கேஸ் ஏஜென்சி, பேரன் ஸ்கூல். என் கடையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

20 ஜூன், வெள்ளி

தண்டையார்பேட்டையிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக வந்தார். "போன வருஷம் சாதிச் சான்றிதழ் இங்கதானேம்மா ஏத்தினோம், உன் கம்ப்யூட்டர்ல இருக்குமே, ஒரு காப்பி போடு."

அழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். பாதி கேட்டார், மணியைப் பார்த்தார். இ-சேவை தளத்தில் விண்ணப்ப எண் இருந்தால் மறுபடி இறக்கலாம் என்றேன். அந்த எண் எழுதிய சீட்டு எங்கே போயிற்றோ தெரியாதாம்.

"பதினோரு வருஷமா கடை வச்சினுகீற, இதக்கூட எடுத்து வெக்கலன்னா எப்பிடிம்மா?" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். அங்கே எல்லாம் இருக்கும். எப்போதும் எடுத்து வைத்திருப்பார்கள்.