13-ஆம் எண் சட்டையில் நீஸ்கென்ஸ்: அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 7, 2024

நெதர்லாந்தின் பழைய நடுக்கள ஆட்டக்காரர் யோஹான் நீஸ்கென்ஸ் இறந்துவிட்டார். நேற்று, அல்ஜீரியாவில். வயது 73. நெதர்லாந்து கால்பந்துச் சங்கம் பிற நாடுகளில் பயிற்சியாளர்களை உருவாக்க ஒரு திட்டம் நடத்துகிறது. அந்த வேலையாகத்தான் அங்கே போயிருந்தார்.

இன்று படித்த அஞ்சலிகளில் பெரும்பாலும் முதல் வரியில் 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்துப் பெனால்டி, அடுத்த வரியில் அவரோடு ஆடிய பெரும் நட்சத்திரம் யோஹான் க்ரைஃப். பார்சிலோனாவில் அவரை ‘இரண்டாம் யோஹான்’ என்று அன்போடுதான் கூப்பிட்டார்கள். ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, அவரை நிரந்தரமாக ஒருவர் பின்னால் நிறுத்திவிட்டது. அது நியாயமில்லை என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. இந்த மாதம் இரவுகளில், கிடைக்கிற பழைய ஆட்டங்களில் அவரை மட்டும் பார்க்கப் போகிறேன். பந்து எங்கே போனாலும் சரி.

அக்டோபர் 8

பெனால்டியிலிருந்தே தொடங்கினேன். 1974 ஜூலை 7, மியூனிக் ஒலிம்பிக் மைதானம், நெதர்லாந்தும் மேற்கு ஜெர்மனியும். கார்னர் கொடிகள் நடப்படாமல் இருந்ததால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. க்ரைஃப் தொடங்கிவைத்த பந்து நெதர்லாந்தின் ஆரஞ்சுச் சட்டைகளுக்குள்ளேயே சுற்றி மீண்டும் அவரிடம் வருகிறது. அவர் கோலுக்கு முன்னுள்ள பெனால்டிப் பெட்டிக்குள் பாய, ஜெர்மனியின் ஹோனஸ் அவரைத் தட்டி விழவைக்கிறார். நடுவர் ஜாக் டெய்லர் கையை நீட்டுகிறார். மேற்கு ஜெர்மனி வீரர் ஒருவர்கூட அதுவரை பந்தைத் தொடவில்லை.

உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கொடுக்கப்பட்ட முதல் பெனால்டி அது. அடிக்க வந்தவருக்கு வயது 22. நீண்ட ஓட்டம், கோலின் நடுவே ஓங்கி ஒரு உதை, பெனால்டிப் புள்ளியிலிருந்து சுண்ணாம்புத் தூள் பறக்கிறது. கோல்கீப்பர் ஸெப் மையர் ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார். 1-0.

ஜெர்மனிக்கு ப்ரைட்னர் பெனால்டியில் சமன் செய்ததும், இடைவேளைக்கு முன் கெர்ட் முல்லர் இரண்டாவது கோலை அடித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்று நான் பார்த்தது இரண்டாம் பாதி. க்ரைஃபை ஜெர்மனியின் தடுப்பாளர் ஃபோக்ட்ஸ் நிழலாகத் தொடர்கிறார். நீஸ்கென்ஸ் மீண்டும் மீண்டும் பெட்டிக்குள் ஓடுகிறார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து தன் பாதியில் டேக்கிளும் செய்கிறார்! தோற்ற ஆட்டம்தான். ஆனால் அந்த நாற்பத்தைந்து நிமிடத்தைப் பார்த்தவர் யாரும் அவரைத் துணைப் பாத்திரம் என்று சொல்ல மாட்டார்.

அக்டோபர் 10

ஆம்ஸ்டர்டாமின் அஜாக்ஸ் கிளப்பில் அவர் ஆடிய காலம். ஹீம்ஸ்டெடெ ஊர்ப் பையன். உள்ளூர் ஆர்.சி.ஹெச். அணியிலிருந்து 1970-இல் அஜாக்ஸ் பயிற்சியாளர் ரினுஸ் மிகெல்ஸ் கூட்டிவந்தார். அடுத்த ஆண்டே வெம்ப்ளியில் பனதினைகோஸுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். பத்தொன்பது வயது, ஆடியது வலது பின்கள ஆட்டக்காரராக. நடுக்களத்துக்கு நிலையாக வந்தது அதன் பிறகுதான். 1972-இல் இன்டரையும் 1973-இல் யுவென்டஸையும் வென்று, தொடர்ந்து மூன்று கோப்பைகள்.

அஜாக்ஸ் ஆடிய ‘டோட்டல் ஃபுட்பால்’ என்றால் எல்லோரும் இடம் மாறி ஆடுவது என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அதன் பாதி, பந்து நம்மிடம் இல்லாதபோது நடப்பது. எதிரணியின் ஆட்டத்தை வகுப்பவரைப் பிடிக்கும் பொறுப்பு நீஸ்கென்ஸுக்கு. அந்த ஆள் தப்பிக்கப் பார்த்துத் தன் பாதிக்குள் பின்வாங்குவார்; நீஸ்கென்ஸ் விடாமல் அங்கேயும் போவார். அவர் விட்டுப்போன இடம் காலியாகக் கிடக்கக் கூடாதே! பின்னால் இருக்கும் தடுப்பாளர்களும் மேலே ஏறுவார்கள். அப்படி ஏறி ஏறித்தான் அஜாக்ஸின் தற்காப்பு வரிசை நடுக்கோட்டருகே போய் நின்றது, எதிரணி முன்கள ஆட்டக்காரர்களை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் பொறியும் அங்கே விழுந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ஆட்டங்களைப் பார்க்கப் பார்க்க நான் அதை நம்புகிறேன். இன்று ‘ஹை பிரஸ்’ (எதிரணியை அவர்கள் பாதியிலேயே நெருக்குவது) என்று பயிற்சியாளர்கள் பலகையில் வரைந்து காட்டுவதை, இந்தப் பையன் பிடிவாதத்தால் ஓடியே காட்டியிருக்கிறார்.

அக்டோபர் 13

அதே உலகக் கோப்பை: டார்ட்மண்ட், 1974 ஜூலை 3. எதிரணி பிரேசில்.

பிரேசில் என்றதும் மனதில் வரும் அழகை இந்த ஆட்டத்தில் தேட வேண்டாம். முரட்டு ஆட்டம், இரண்டு பக்கமும் உதைகள். நீஸ்கென்ஸ் கீழே விழுகிறார், எழுகிறார். பிறகு ஐம்பதாவது நிமிடம்: வலப்பக்கம் க்ரைஃபுக்குப் பந்தைத் தட்டிவிட்டு, நிற்காமல் நேராகப் பெட்டிக்குள் ஓடுகிறார். க்ரைஃப் திருப்பி அனுப்பிய பந்தைச் சறுக்கிக்கொண்டே போய் கால் நுனியால் தூக்க, அது கோல்கீப்பர் லெயாவோவுக்கு மேலே எழும்பி வலைக்குள் இறங்குகிறது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தொடங்கியவரும் முடித்தவரும் ஒரே ஆள். இடையில் ஓடிய தூரத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசியில் பிரேசிலின் லூயிஸ் பெரேரா வெளியேற்றப்பட்டதும் நீஸ்கென்ஸைச் சாய்த்ததற்காகத்தான்.

அக்டோபர் 14

அந்த உலகக் கோப்பையில் அவர் அடித்தவை ஐந்து. பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு, கிழக்கு ஜெர்மனி, பிரேசில், மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ஒவ்வொன்று. நாட்டுக்காக மொத்தம் 49 ஆட்டங்கள், 17 கோல்கள். பந்தைப் பறிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்த ஒருவருக்கு இது சாதாரண எண்ணிக்கையா?

அக்டோபர் 17

1978 உலகக் கோப்பை, அர்ஜென்டினா. க்ரைஃப் வரவில்லை. நீஸ்கென்ஸைத் துணை என்று சொல்பவர்கள் இந்தத் தொடரைப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்து ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அடிபட்டு வெளியேறிய நீஸ்கென்ஸ், இத்தாலியை வென்ற ஆட்டத்தில் திரும்பி வந்து இறுதியாட்டத்திலும் நின்றார். 90-ஆவது நிமிடத்தில் ரென்சன்பிரிங்க் அடித்தது கம்பத்தில் பட்டது. கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா 3-1 என்று வென்றது. இரண்டு இறுதியாட்டங்கள், இரண்டும் போட்டியை நடத்திய நாட்டின் அணியிடம். நெஞ்சு கனக்கிறது, இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 19

பயிற்சியாளர் வாழ்க்கை பற்றிச் சிறு குறிப்பு. 1998 உலகக் கோப்பையில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் ஹிடிங்குக்கு உதவி, 2000 யூரோ கோப்பையில் அடுத்த பயிற்சியாளர் ரைக்கார்டுக்கு உதவி, 2006-இல் ஹிடிங்கோடு ஆஸ்திரேலியா, பிறகு ரைக்கார்டோடு பார்சிலோனா. நைமேகனின் என்.இ.சி. அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். உதவியாளர் இருக்கையில் உட்கார அவர் ஒருபோதும் கூச்சப்படவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 22

பார்சிலோனாவை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். 1974 முதல் 1979 வரை ஐந்து பருவங்கள், ஒரு லீக் பட்டம்கூட இல்லை. 1978-இல் ஸ்பெயின் மன்னர் கோப்பை. அடுத்த ஆண்டு மே 16, பாஸல் நகரில் கோப்பை வென்றோர் கோப்பை என்ற ஐரோப்பியப் போட்டியின் இறுதியாட்டம், ஜெர்மனியின் ஃபார்ச்சுனா டுசல்டார்ஃபுக்கு எதிராக. ஏறத்தாழ 30,000 ரசிகர்கள் பார்சிலோனாவிலிருந்து சுவிட்சர்லாந்து வரை போயிருந்தார்கள். 90 நிமிடத்தில் 2-2. கூடுதல் நேரத்தில் ரெக்ஸாக், பிறகு கிராங்கல் கோல் அடிக்க, பார்சிலோனாவுக்கு 4-3 வெற்றி. க்ரைஃப் அணியை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

நீஸ்கென்ஸை அனுப்பிவிட நிர்வாகம் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தது. கோப்பையோடு ஊர் திரும்பிய அணியை வரவேற்கக் கூடிய கூட்டம், “நீஸ்கென்ஸ் வேண்டும், நூன்யெஸ் வேண்டாம்” என்று கிளப் தலைவர் நூன்யெஸுக்கு எதிராகக் கோஷம் போட்டது. லீக் வென்று கொடுக்காத ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரருக்காக! அந்தக் கூட்டம் பார்த்ததைத்தான் நானும் இந்த இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 27 வயதில் அப்படிப்பட்டவரை விட்டது பெரும் தவறு.

அங்கிருந்து அமெரிக்காவின் நியூயார்க் காஸ்மோஸ் அணி. 1980-இலும் 1982-இலும் அந்த அணி அங்கே லீக் பட்டம் வென்றது. அந்த ஆட்டங்களின் முழுப் பதிவுகளை நாளை முதல் தேட வேண்டும்.