சோலாகிளி தேடல்: இதுவரைக்கும் நடந்தது

கொடைக்கானல்ல சோலாகிளி தேடுற வேலை ஒரு வழியா நகர ஆரம்பிச்சிருக்கு. பேர்லதான் கிளி, ஆளு சுமார் 15 செ.மீ. நீளத்துல ஒரு குருவி, நீலக்கருப்பு ஒடம்பு, வெள்ளை வயிறு, நெத்தியில லேசா வெளிர் நீலம், நீளமா ஒல்லிக்காலு, பெரும்பாலும் தரையிலயே தத்தித்தத்தி பூச்சி பொறுக்கித் திங்கும்.

பைனாகுலரை கழுத்துல தொங்கவிட்டுட்டு காதுக்கு மாறினதுதான் பெரிய திருப்பம். சோலைக்குள்ள, அதாவது உயரமான மலைப் பள்ளங்கள்ல இருக்குற அடர்ந்த காட்டுக்குள்ள, கண்ணுக்கு வேலையே இல்ல, வெயில் நேரத்துலயே இருட்டு, பாசி, மக்கின இலை, குறிஞ்சி வகைச் செடிங்க இடுப்பு வரைக்கும். ஆனா விடியறதுக்கு முன்னாடி விசில் மாதிரி இழுத்து, நடுநடுவுல கரகரன்னு ஒரு சத்தம் போட்டு, மறுபடி விசில்னு பாடும் பாருங்க, ரொம்ப பக்கத்துல கேக்கும் ஆனா ஒரு இலைகூட அசையாது. போன்ல ரெக்கார்ட் பண்ணி பஸ்ல வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு கேட்டுத்தான் மனசுல பதிஞ்சுது.

பெர்மிட் இல்லாம உள்ள போக முடியாது, போகவும் தேவையில்ல. ஓடை குறுக்க வர்ற ரோட்டோரமா பாத்து சும்மா உக்காந்துட்டேன், அட்டைக்கு மட்டும் உப்பு. பொழுது சாயற நேரம் ரோட்டு ஓரத்துக்கே வந்துச்சு! ரெண்டு தத்து, ஒரு இலைய பொரட்டுச்சு, உள்ள போயிடுச்சு. கேமராவுல வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற ஐஎஸ்ஓவை 6400 வச்சும் போட்டோ புள்ளி புள்ளியாத்தான் இருக்கு, பரவால்ல. பாட்டை ஸ்பீக்கர்ல போட்டு வெளிய வரவழைக்கிறவங்க இருக்காங்க, ஏப்ரல் மே மாசம் கூடு கட்டுற சமயத்துல அப்படி பண்றது அநியாயம்னுதான் சொல்வேன், வேற ஆண் எல்லைக்குள்ள புகுந்துடுச்சுன்னு அது பாவம் சாப்பாட்டை விட்டுட்டு அலையும்.

பைன் தோட்டத்துலயும் காது குடுத்துப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. கீழ ஊசி இலை மெத்தைதான், புதர் கிடையாது. ஆனா வாட்டில்ங்கிற வெளிநாட்டு மரம் நட்டு வளந்த பழைய காட்டுல, அடியில சோலை மரக்கன்னுங்க முளைச்சு வர்ற ஒரு ஓரத்துல ஒண்ணு பாடிச்சு, அத நான் எதிர்பாக்கல.

பாலக்காட்டு கணவாய்க்கு வடக்க நீலகிரில இருக்குறது வேற இனம், விலாப்பக்கம் செம்பழுப்பு. ரெண்டையும் ரொம்ப நாளா ஒரே இனமா வச்சிருந்தாங்க, இந்தக் குருவிங்களுக்குன்னு தனி பேரினம் வந்ததே 2017லதான். உயரமான மலை உச்சிகள்ல மட்டும் இருக்குறதால ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் போக்குவரத்து இல்ல, பாட்டும் மலைக்கு மலை மாறுது.

அடுத்து ஊட்டிப் பக்கம் போய் அந்தப் பாட்டையும் பிடிக்கணும். அதுக்கு முன்னாடி மைக்குக்கு ஒரு பஞ்சு கவர் வாங்கணும், இப்ப இருக்குற ரெக்கார்டிங்ல பாதி காத்துதான் கேக்குது.