உலோகம் எந்த வழியில் தொய்கிறது: ஆஷ்பி வரைபடங்கள்

ஈயம் ஏறத்தாழ 600 கெல்வினில் உருகுவதால், சாதாரண அறை வெப்பநிலையே (சுமார் 300 கெல்வின்) அதன் உருகுநிலையில் பாதியாகிவிடுகிறது. டங்ஸ்டனோ 1,000 டிகிரி செல்சியஸில்கூடத் தன் உருகுநிலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டியிருக்கும். கூரையில் பதித்த ஈயத் தகடு தன் எடையாலேயே ஆண்டுக்கணக்கில் தொய்வதற்கு இதுவே காரணம். ஆகவே, வெப்பநிலையை உருகுநிலையின் பின்னமாகவும், தகைவை (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையை) விறைப்புக் குணகத்தின் (பொருள் வடிவம் மாறுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவின்) பின்னமாகவும் எழுதினால்தான் வெவ்வேறு பொருள்களை ஒப்பிட முடியும். பொருளறிவியலாளர் மைக்கேல் ஆஷ்பி 1972-இல் முன்வைத்த உருத்திரிபு வரைபடங்களின் இரண்டு அச்சுகளும் இவையே.

அந்தப் பரப்பில் ஒவ்வொரு பகுதியும், அங்கே மேலோங்கி நிற்கும் வழிமுறையின் பெயரைத் தாங்குகிறது. தகைவு மிகுந்த மேற்பகுதியில் படிகத்தினுள் இருக்கும் டிஸ்லொகேஷன்கள் (அணு வரிசைகளில் உள்ள கோட்டுக் குறைபாடுகள்) வழுக்கிச் செல்கின்றன. அதற்குக் கீழே, வெப்பம் மிகுந்த பக்கத்தில், அவை தடைகளை ஏறிக் கடக்கும் அடுக்குவிதி கிரீப் (கிரீப் என்பது நிலையான சுமையின் கீழ் பொருள் மெல்ல மெல்ல உருமாறுவது; இந்த வகையில் அதன் வேகம் தகைவின் ஓர் அடுக்கைப் பின்பற்றும்). இன்னும் கீழே அணுக்களே இடம்விட்டு இடம் நகரும் விரவல் கிரீப். இந்தக் கடைசி வகையில் அணுக்கள் படிகத்தின் ஊடாகச் சென்றால் அது நபாரோ–ஹெர்ரிங் கிரீப், மணிகளின் (உலோகத்தை ஆக்கும் சிறு படிகங்களின்) எல்லைகள் வழியே சென்றால் கோபிள் கிரீப். எல்லைக்கோடு என்பது இரண்டு வழிமுறைகளின் வேகமும் சமமாகும் இடம்தானே தவிர, அதைத் தாண்டியதும் மற்றொன்று நின்றுவிடுவதில்லை.

என் பார்வையில், இந்த வரைபடத்தின் பெரும்பயன் அது தரும் எச்சரிக்கையில் இருக்கிறது. பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய உறுப்பைச் சில வாரங்களில் சோதிக்க வேண்டியிருப்பதால், ஆய்வகத்தில் தகைவைக் கூட்டி வைக்கிறோம். அங்கே திரிபு வீதம் (உறுப்பு நீளும் வேகம்) தகைவின் ஐந்தாம் அடுக்கைப் பின்பற்றினால், தகைவைப் பாதியாக்கும்போது வீதம் 32 மடங்கு குறையும் என்று கணக்கிடுவோம். ஆனால் உறுப்பு உண்மையில் வேலை செய்யும் புள்ளி விரவல் கிரீப் பகுதிக்குள் விழுந்திருந்தால், அங்கே வீதம் தகைவுக்கு நேர்விகிதத்திலேயே குறையும் என்பதால், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகமாக அது நீண்டுகொண்டிருக்கும். பிழை ஆபத்தான பக்கத்திலேயே விழுகிறது.

ஒரு வரைபடம் ஒரே ஒரு மணி அளவுக்குத்தான் செல்லும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. மணியின் விட்டத்தைப் பத்து மடங்காக்கினால் கோபிள் கிரீப்பின் வீதம் ஆயிரத்தில் ஒன்றாகவும், நபாரோ–ஹெர்ரிங் கிரீப்பின் வீதம் நூறில் ஒன்றாகவும் குறைய, அடுக்குவிதி கிரீப் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். எனவே எல்லைகளே இடம் மாறிவிடும். ஜெட் எஞ்சின் டர்பைன் தகடுகளை மணி எல்லையே இல்லாத ஒற்றைப் படிகமாக வார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.